கால்ல போடாத சிலிப்பர்

பாயா ரும்புட்
11 ஜூலை 2025, வெள்ளி

தாரணி அப்பாவுக்கு,

வணக்கம். நலமா இருப்பீங்க. பள்ளிக்கூட ஹால்ல உட்கார்ந்து நாசி லெமாக் பொட்டலம் பிரிச்சுச் சாப்பிடுற மனுஷனுக்கு என்ன குறை வரப்போகுது?

போன்ல பேசினா சண்டை வருது. வாட்ஸ்அப்ல எழுதினா, உங்க அக்கா கோமளா உங்க போனை வாங்கி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து குடும்ப குரூப்ல போடுறாங்க. அப்புறம் ஈப்போவுல இருக்கிற உங்க சித்தி வரைக்கும் எனக்குப் புத்தி சொல்றாங்க. அதனால இனிமே வகுப்பு விஷயம் எதுவா இருந்தாலும் பேப்பர்ல எழுதி ஹால் அலமாரியில, வாட்டர்கலர் டப்பாவுக்குக் கீழ வைக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்க. பேப்பரை யாரும் ஸ்க்ரீன்ஷாட் எடுக்க முடியாது.

தலைமையாசிரியை பவானேஸ்வரிக்கு நாம பிரிஞ்சு இருக்கோம்னு நல்லாத் தெரியும். தெரிஞ்சும், "படம் நீ சொல்லிக் குடு உஷா, ஆட்டமும் நீயே பாரு. மேளத்துக்கு உன் வீட்டுக்காரரை விட்டா இந்த வட்டாரத்துல யாரு இருக்கா"ன்னு உங்களைக் கூப்பிட்டுட்டாங்க. சரின்னு தலையாட்டினேன். செவ்வாய்க்கிழமை நீங்க, வியாழக்கிழமை நான். முகத்தைப் பார்க்க வேணாம். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, பெற்றோர் எல்லாம் வர்ற திறந்த நாள்ல பிள்ளைங்க மேடை ஏறணும். அது முடிஞ்சா நீங்க யாரோ நான் யாரோ.

இப்ப விஷயத்துக்கு வரேன். அலமாரியில நான் சுருட்டி வச்சிருந்த பெரிய மாஜோங் பேப்பரை எதுக்கு எடுத்தீங்க? அது பழைய பேப்பர் இல்ல. மழைச் சத்தத்தை நான் போட்டுக் காட்ட, பிள்ளைங்க கண்ணை மூடிக் கேட்டு, கேட்டதைக் கோடா வரைஞ்சது. தூறல்னா புள்ளி, கொட்டினா தடிச்ச கோடு. அடுத்த வாரம் அந்தக் கோட்டுமேலயே நடக்கணும், அப்புறம் அதுக்கு நீங்க தாளம் கட்டணும். வரையறது, கேட்கிறது, ஆடுறது, மூணும் ஒண்ணு. போன வாரமே இதையெல்லாம் வாட்ஸ்அப்ல எழுதினேனே! நீங்க அதைத் தரையில விரிச்சு, அதுமேல சம்பாலைக் கொட்டிச் சாப்பிட்டிருக்கீங்க. வியாழக்கிழமை பேப்பரை விரிச்சா ரெண்டாம் ஆண்டு பிள்ளை ஒண்ணு அந்த எண்ணெய்க் கறையைக் காட்டி, "டீச்சர், இது என்ன சத்தம்?"னு கேட்குது. நான் என்னத்தச் சொல்ல? அதுங்களே "இது இடி"ன்னு முடிவு பண்ணி, கறை வந்த இடத்துல எல்லாம் குதிச்சுதுங்க.

இன்னொண்ணு. இதை நீங்க வேற யார் மூலமாவது கேள்விப்படக் கூடாது. கெடாவுல, சுங்கை பட்டாணிக்கு மாற்றல் கேட்டிருக்கேன். அங்க என் தங்கச்சி இருக்கா. கிடைச்சா தாரணியும் என்கூட வருவா. ஞாயித்துக்கிழமையானா அவளை உங்க வீட்டுல கொண்டு வந்து விடுறதெல்லாம் அப்புறம் நடக்காது.

இப்படிக்கு,
உஷாராணி டீச்சர்


குருபோங்
15 ஜூலை, செவ்வாய்

அன்புள்ள உஷாவுக்கு,

பேப்பர் விஷயம் தப்புதான். ஆனா நியாயத்தை யோசி. நைட் ஷிப்ட் முடிச்சு, தூங்காம, நேரா பேக்டரியில இருந்து வரேன். பசி. தரை ஈரம். அலமாரியில பேப்பர் இருக்கு. அதுல புள்ளி புள்ளியா பென்சில் கிறுக்கல். இது மழைன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு குடை வரைஞ்சிருந்தா விட்டிருப்பேன்.

உன்மேலயும் எனக்குக் குறை உண்டு. "இந்த வகுப்புல தப்புன்னு ஒண்ணு கிடையாது"ன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லி வச்சிருக்கியாம். நல்லாச் சொன்ன! நான் நாலு அடி அடிச்சு நிறுத்துங்கடான்னா ஒண்ணும் நிறுத்த மாட்டேங்குது. "தப்பு"ன்னு சொன்னா, "டீச்சர் தப்பே இல்லன்னு சொன்னாங்க சார்"ங்குது. படத்துல தப்பு இல்லாம இருக்கலாம் உஷா. தாளத்துல தப்பு உண்டு. எல்லாரும் ஒரே இடத்துல நிக்கணும், இல்லன்னா அது பாசார் மாலாம், ராத்திரிச் சந்தைச் சத்தம்லா.

கடைசியில அதுங்களுக்குப் பிடிச்ச மாதிரி வேகமா ஒண்ணு அடிச்சுக் காட்டினேன். உருமியில நான் அடிக்க, அதுங்க தொடையில தட்டிச்சுங்க. அப்பத்தான் எல்லாம் ஒண்ணா வந்துச்சு. பிள்ளைங்க முகத்தைப் பார்த்திருக்கணும் நீ!

சுங்கை பட்டாணி பத்தி என்ன எழுதுறதுன்னு தெரியல. வாட்டர்கலர் டப்பாவுக்குக் கீழயா இதைச் சொல்லுவ? வாரத்துல ஒரு நாள்தான் அவ என்கூட இருக்கா. அந்த ஒரு நாளையும் கொண்டுபோய் கெடாவுல வைக்கப் போறியா? ஒத்துக்க மாட்டேன். எப்படி ஒத்துக்காம இருக்கிறதுன்னுதான் தெரியல.

அன்புடன்,
திருச்செல்வம்


பாயா ரும்புட்
17 ஜூலை, வியாழன்

தாரணி அப்பாவுக்கு,

"அன்புள்ள"ன்னு எழுதாதீங்க. இன்னைக்கு நான் இருக்கிற கோபத்துல அந்த வார்த்தையைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது.

என்ன அடி சொல்லிக் குடுத்தீங்க? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க. "வேகமா ஒண்ணு"ன்னு எழுதியிருக்கீங்களே, அது சாமி அழைக்கிற அடி! ஏழெட்டு வயசுப் பிள்ளைங்களுக்கு! அதுவும் ஆடி மாசம் பொறக்கிற வாரத்துல!

நடந்ததைக் கேளுங்க. பிள்ளைங்க அந்த அடியைச் சிவப்புக் கலர்ல வரைஞ்சாங்க. முள்ளு முள்ளா ஒரு கோடு, பேப்பர் முழுக்க. அப்புறம் அதையே தரையில சாக்பீஸால பெருசா போட்டு அதுமேல ஓடினாங்க. ஓடிக்கிட்டே மைலோ டின்னைத் தட்டினாங்க. உண்மையைச் சொல்லணும்னா, நான் இத்தனை மாசமா எதுக்காகத் தொண்டை வத்தக் கத்திக்கிட்டு இருந்தேனோ அது அப்பத்தான் நடந்துச்சு. படம், சத்தம், ஆட்டம், மூணும் ஒண்ணா ஓடுது. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

அந்த நேரம் பார்த்து கேன்டீன் கலைமகள் அக்கா மீ கோரெங் கிளறுற கரண்டியோட வாசல்ல வந்து நின்னாங்க. நின்னவங்க ஆட ஆரம்பிச்சாங்க. நான் பிள்ளைங்களோடதான் சேர்ந்து ஆடுறாங்கன்னு நினைச்சுக் கை தட்டினேன். கை தட்டினேன்! கொண்டை அவிழ்ந்து, கண்ணு மேல போய், கரண்டியை வேல் மாதிரிப் பிடிச்சப்பதான் எனக்கு விளங்குச்சு. அருள் வந்திருச்சு. பிள்ளைங்க பயந்து நிறுத்தணும்ல? நிறுத்தல. "தப்பே இல்ல"ன்னு இன்னும் வேகமா தட்டுதுங்க. கேட்டுல காவல் இருக்கிற ஜாகா அண்ணன் எலுமிச்சம்பழம் தேடி ஓடினார். ஆசிரியர் அறையில இருந்து எல்லாரும் ஓடி வந்தாங்க. அக்கா தலைமையாசிரியையைப் பார்த்து, "என் எல்லைக்கு விளக்குப் போட்டு எத்தனை நாளாச்சு"ன்னு ஒரு அதட்டு. பாவம், அவங்க அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டு, வெள்ளிக்கிழமை போடுறேன் தாயேன்னாங்க.

அப்புறம் என்னை ரூமுக்குக் கூப்பிட்டு நல்லாக் குடுத்தாங்க. இனிமே மேளம் கிடையாது, டின் கிடையாது, வாளி கிடையாது. எதையும் தட்டக் கூடாது. திறந்த நாளுக்குள்ள வேற வழி கண்டுபிடிக்கலன்னா, பிள்ளைங்க வரிசையா நின்னு பெண்டிரைவ்ல சினிமாப் பாட்டு போட்டு ஆடிட்டுப் போகட்டும்னு சொல்லிட்டாங்க. ஒரே மாதிரி சட்டை, ஒரே மாதிரி கை. எனக்கு அது பிடிக்கலன்னு உங்களுக்குத் தெரியும்.

இந்தப் பள்ளியில எனக்குன்னு இருந்தது இந்த வகுப்பு ஒண்ணுதான். அதையும் கெடுத்து விட்டீங்க. அப்புறம் நான் எதுக்கு மலாக்காவுல இருக்கணும், சொல்லுங்க?

உஷாராணி டீச்சர்


குருபோங்
22 ஜூலை, செவ்வாய்

உஷாவுக்கு,

அன்புள்ளன்னு போடல. திருப்திதானே?

சிரிக்கக் கூடாதுன்னு நினைச்சேன், முடியல. செவ்வாய் வரைக்கும் பொறுக்காம வெள்ளிக்கிழமையே வந்து உன் லெட்டரை எடுத்தேன், நீ கை தட்டினதைப் படிச்சிட்டு பேக்டரி லாக்கர் ரூம்ல தனியாச் சிரிச்சேன். கூட வேலை செய்ற பங்களாதேஷ் பையன் பயந்துட்டான்.

சத்தியமா வேணும்னு சொல்லிக் குடுக்கல. "வேகமா அடிங்க சார்"னு கேட்டுதுங்க. கை தானா அங்கதான் போச்சு. எனக்கு வேகம்னா அதுதான். இன்னைக்கு கேன்டீனுக்குப் போய் கலைமகள் அக்காகிட்ட மன்னிப்புக் கேட்டேன். டீ போட்டுக் குடுத்து என்ன சொன்னாங்க தெரியுமா? "தம்பி, எத்தனை திருவிழாவுல உங்க குரூப் வந்து அடிச்சிருக்கு, எனக்கு ஒரு தடவைகூட வந்ததில்ல. பிள்ளைங்க டின்னுக்கு வந்திருச்சு." என் வாழ்க்கையில யாரும் என்னை இப்படிக் கேவலப்படுத்தினதில்ல.

மேளம் இல்லாம கிளாஸ் எடுக்கப் போனேன். கையை எங்க வைக்கிறதுன்னே தெரியல. பிள்ளைங்க என்னையே பார்க்குதுங்க. வேற வழி இல்லாம உன் மாஜோங் பேப்பரை விரிச்சேன். (சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன், பயப்படாத.) மழைக் கோட்டை விரலால தொட்டுக்கிட்டே வாயால அடிச்சுப் பார்த்தேன். புள்ளிக்கு ஒரு சொல், தடிச்ச கோட்டுக்கு ஒரு சொல். அதுங்களும் சொல்லிச்சுங்க. கறை வந்ததும் எல்லாம் சேர்ந்து ஒரு குதி. ஒரே இடத்துல உஷா! ஒருத்தன்கூட முன்னப் பின்ன இல்ல. நாலு எண்ணச் சொன்னா எண்ணாதவனெல்லாம் கறையைப் பார்த்ததும் கரெக்டா குதிக்கிறான்.

எதையும் தட்டக் கூடாதுன்னா, சிலிப்பரை என்ன செய்யலாம்? ரப்பர் சிலிப்பரைக் கையில மாட்டிக்கிட்டு ரெண்டையும் மோதினா நல்ல சத்தம் வருது. டின் இல்ல, மேளம் இல்ல. அருள் வராது. யோசி.

ஒரு விஷயம் கேட்கணும். தாரணிகிட்ட ஏதாவது சொல்லி வச்சிருக்கியா? என் கிளாஸ்ல எல்லாப் பிள்ளையும் கத்துது, குதிக்குது, அவ மட்டும் மூலையில உட்கார்ந்து படம் வரையுறா. முதல் வாரத்துல இருந்தே இப்படித்தான். கையைப் பிடிச்சுத் தூக்கினாலும் எந்திரிக்க மாட்டேங்குறா. மேளக்காரன் பொண்ணு தாளம் போட மாட்டேன்னு உட்கார்ந்திருக்கு. மத்த பிள்ளைங்க பார்க்குது. எனக்கு அவமானமா இருக்கு. என்மேல கோபம்னா என்கிட்டக் காட்டு. அவளை வச்சுக் காட்டாத.

திருச்செல்வம்


பாயா ரும்புட்
24 ஜூலை, வியாழன்

தாரணி அப்பாவுக்கு,

முதல்ல சிலிப்பர். மூளை இருக்கா உங்களுக்கு? ஹால்ல மேடைக்கு மேல சரஸ்வதி படம் மாட்டியிருக்கு. அதுக்கு முன்னாடி பிள்ளைங்க செருப்பைக் கையில மாட்டிக்கிட்டு நிக்கிறதா? அருள் வந்ததுக்கே விளக்குப் போட வச்சாச்சு. இதுக்குப் பொங்கலே வைக்கச் சொல்லுவாங்க. பெற்றோர் எல்லாம் முன் வரிசையில உட்கார்ந்திருப்பாங்க. நினைச்சாலே எனக்கு வேர்க்குது.

ரெண்டாவது, தாரணி. படிச்சதும் ரத்தம் கொதிச்சிருச்சு. நானா சொல்லி வச்சேன்? அவ என் கிளாஸ்ல என்ன செய்றான்னு தெரியுமா? ஒரு கோடு வரைய மாட்டா. கலர் பென்சிலைக் குடுத்தா அதாலயே தரையில தட்டுறா. காலு ஆடுது, விரல் ஆடுது, மேசை ஆடுது. "டீச்சர் பொண்ணே வரையல, நாங்க மட்டும் ஏன் வரையணும்"னு ஒருத்தன் கேட்டுட்டான். ஞாயித்துக்கிழமை நீங்கதான் ஏத்தி விட்டு அனுப்புறீங்கன்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். போன வாரமே இதுக்காகச் சண்டை போட்டிருப்பேன், அருள் நடுவுல வந்திருச்சு.

வீட்டுக்கு வந்ததும் ஏன்டி வரையலன்னு கேட்டேன். "வரைஞ்சுட்டேனே, செவ்வாய்க்கிழமை"ங்கிறா. அது அப்பா கிளாஸ்டின்னா, டிவியைப் போட்டுட்டா.

பிடிவாதம் யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு நான் எழுதித்தான் தெரியணும்னு இல்ல.

உஷாராணி டீச்சர்

பி.கு.: சிலிப்பர் யோசனை மோசம்னு சொன்னேன். சத்தம் மோசம்னு சொல்லல. வீட்டுல பாத்ரூம் சிலிப்பரை மோதிப் பார்த்தேன்.


குருபோங்
29 ஜூலை, செவ்வாய்

உஷாவுக்கு,

பிரச்சினை தீர்ந்துச்சு. பாசார் மாலாம்ல புதுச் சிலிப்பர் வாங்கிட்டேன், ஆளுக்கு ஒரு ஜோடி. நீலம், பச்சை, சிவப்பு. யாரும் கால்ல போடல. ஸ்டிக்கர்கூடப் பிரிக்கல. கால்ல போட்டாத்தானே அது செருப்பு? போடலன்னா ரப்பர் தட்டு. தலைமையாசிரியையைக் கூப்பிட்டு, ஒவ்வொண்ணா திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டி, இதையே சொன்னேன். கொஞ்ச நேரம் சரஸ்வதி படத்தைப் பார்த்தாங்க. என்னைப் பார்த்தாங்க. அப்புறம் அவங்களே ஒரு ஜோடியை வாங்கி மோதிப் பார்த்துட்டு, "கேன்டீன் பக்கத்து ஜன்னலைச் சாத்திட்டு அடிங்க"ன்னுட்டாங்க.

கடைக்காரர் கேட்டார், பாஸ், வீட்டுல இத்தனை பிள்ளையான்னு. ஒரே பொண்ணுதான், அதுவும் வாரத்துல ஒரு நாள்தான்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு.

உன் லெட்டரைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டு இருக்கோம், ஆனா பாரு. நீ இல்லாத கிளாஸ்ல அவ படம் வரையுறா. நான் இல்லாத கிளாஸ்ல தாளம் போடுறா. யாரும் ஏத்தி விடல உஷா. அங்க யாரு இல்லையோ அவங்க வேலையை அவ எடுத்துச் செய்றா. அவமானமா இருக்குன்னு எழுதினேன் பாரு, அதை அடிச்சிரு.

இன்னைக்கு அவ மூலையில வரைஞ்சுக்கிட்டு இருந்தப்ப நான் கையைப் பிடிச்சுத் தூக்கல. நாலு கலர் பென்சிலைச் சீவி பக்கத்துல வச்சுட்டு வந்தேன்.

ஒரு சின்ன சிக்கல். ஒன்பதாம் தேதி ஜாசின் பக்கம் ஒரு கோயில் ஆடித் திருவிழா. நம்ம குரூப்புக்குத்தான் புக்கிங், ரெண்டு மாசம் முன்னாடியே குடுத்த வாக்கு. காலையில பால்குடம். அதை முடிச்சுக் குடுத்துட்டு நேரா பள்ளிக்கு வந்துருவேன். பிள்ளைங்க மேடை ஏற பத்து மணிக்கு மேல ஆகும்ல? வந்துருவேன்.

திருச்செல்வம்


பாயா ரும்புட்
31 ஜூலை, வியாழன்

தாரணி அப்பாவுக்கு,

வந்துருவேன்.

இந்த வார்த்தையை வச்சுத்தான் நான் குடித்தனம் நடத்தினேன். தாரணிக்குக் காது குத்தினப்ப "வந்துருவேன்". அவ ஜுரத்துல கிடந்தப்ப "பத்தே நிமிஷம், வந்துருவேன்". எங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப ஜாசின்ல இருந்து, தம்பின்ல இருந்து, மூவார்ல இருந்து, எல்லா ஊர்ல இருந்தும் வந்துருவேன். நீங்க பொய் சொல்றவர் இல்ல, அது எனக்குத் தெரியும். வந்துட்டுத்தான் இருந்தீங்க. எல்லாரும் சாப்பிட்டு முடிச்சு, பாத்திரம் கழுவி, விளக்கு அணைச்சப்புறம் வந்தீங்க. சட்டையில விபூதி வாசனையோட வந்து, "என்ன உஷா, ஏன் உம்முன்னு இருக்க"ன்னு கேட்பீங்க.

நீங்க எழுதின தாரணி விஷயம் சரிதான். எனக்கு அது தோணவே இல்ல. டீச்சரா இருந்து என்ன பிரயோஜனம்? ராத்திரி அவ தூங்குறப்ப பார்த்துக்கிட்டே இருந்தேன். தூக்கத்துலயும் விரல் தட்டுது.

சுங்கை பட்டாணி மாற்றல் கிடைச்சிருச்சு. வரேனா வரலையான்னு பதினஞ்சாம் தேதிக்குள்ள சொல்லணும். தங்கச்சி வீடுகூடப் பார்த்துட்டா.

அதனால தெளிவாவே சொல்றேன். பெண்டிரைவ்ல சினிமாப் பாட்டு ரெடியா இருக்கு. ஒன்பதாம் தேதி பிள்ளைங்க வரிசையில நிக்கிறப்ப நீங்க முன்னாடி உட்கார்ந்திருக்கணும். இல்லன்னா நான் பாட்டைப் போட்டுட்டு, வீட்டுக்குப் போய் மாற்றலுக்குச் சரின்னு சொல்லிருவேன். மிரட்டல் இல்ல இது. எனக்குக் காத்திருக்கத் தெம்பு இல்ல, அவ்வளவுதான்.

உஷாராணி


குருபோங்
5 ஆகஸ்ட், செவ்வாய்

உஷாவுக்கு,

சிலிப்பர் மேல் தட்டுல இருக்கு. கலர் மாறாம ஜோடியா கட்டி வச்சிருக்கேன். சிவப்புக் கோடு வரும்போது மட்டும் பிள்ளைங்க அவசரப்படுது, நீ வியாழக்கிழமை ஒரு தடவை பார்த்துக்க. கோடு போட்ட பெரிய பேப்பரை மேடையில பிள்ளைங்களுக்குப் பின்னால தூக்கிப் பிடிக்க ஜாகா அண்ணனைக் கேட்டிருக்கேன், ஒரு முனை அவர், ஒரு முனை நீ.

சனிக்கிழமை வரேன்.

திருச்செல்வம்


குருபோங்
12 ஆகஸ்ட், செவ்வாய்

உஷாவுக்கு,

இன்னைக்கு கிளாஸ் இல்ல. இருந்தாலும் வந்தேன். ஜாகா அண்ணன் ஹாலைத் திறந்து விட்டார். எனக்கு எழுதணும்னா இங்க உட்கார்ந்தாத்தான் வருது.

சனிக்கிழமை ஏழு மணிக்கே கேட்டுக்கு வெளிய நின்னேன்னு ஜாகா அண்ணன் உன்கிட்ட சொல்லியிருப்பார். ஜாசினுக்கு என் இடத்துல நம்ம குரூப் நிவேந்திரன் போனான். சின்னப் பையன், சொதப்புவான்னு நினைச்சேன். நல்லாவே அடிச்சானாம். கோயில் தலைவர் அடுத்த வருஷத்துக்கும் அவனையே கேட்டுட்டாராம். வயிறு எரியுது, ஆனா பரவாயில்ல.

நீ பெரிய பேப்பரைப் பிடிச்சுக்கிட்டு பின்னால நின்ன. உனக்குப் பேப்பர்தான் தெரிஞ்சிருக்கும். அதனால முன்னால என்ன நடந்துச்சுன்னு நான் சொல்றேன். முடிஞ்சதும் எல்லாரும் உன்னைச் சூழ்ந்துக்கிட்டாங்க, நீயும் உடனே கிளம்பிட்ட, சொல்ல முடியல.

நான் தரையில உட்கார்ந்து சிலிப்பரைக் கையில மாட்டினேன். பிள்ளைங்க பேப்பரைப் பார்த்துத் தரையில சாக்பீஸால போட்ட மழைக் கோட்டுல நடக்க ஆரம்பிச்சுதுங்க. கறை வர்ற இடத்துல குதிச்சுதுங்க. ஜனம் கை தட்டுச்சு. சிவப்புக் கோடு வந்து வேகம் பிடிச்சதும் முன் வரிசை முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்துச்சு. கலைமகள் அக்கா ஜன்னலுக்கு வெளிய காதுல பஞ்சு வச்சுக்கிட்டு நின்னாங்க. "எனக்கு ஒண்ணும் இல்லலா, நீங்க பாருங்க"ன்னு கத்தினாங்க. அந்தச் சிரிப்பு உனக்குக் கேட்டிருக்கும்.

அப்பத்தான் தாரணி. அதுவரைக்கும் வரிசையில கடைசியா நின்னவ நடுவுக்கு வந்தா. பேப்பரைத் திரும்பிப் பார்த்தா. உன் விரல் மட்டும் அந்த ஓரத்துல தெரியும்ல, அதைத்தான் பார்த்தா. அப்புறம் என்னைப் பார்த்தா. கையில சாக்பீஸும் இல்ல, சிலிப்பரும் இல்ல, கீழ போட்டுட்டா. தரையைத் தட்டல, எதையும் வரையல. ஆடினா உஷா. நான் சொல்லிக் குடுத்ததும் இல்ல, நீ சொல்லிக் குடுத்ததும் இல்ல. ரெண்டு கையையும் விரிச்சு, கழுத்தைச் சாய்ச்சு, பல்லு விழுந்த வாயை முழுக்கத் திறந்து சிரிச்சுக்கிட்டே. அப்படி ஒரு ஆட்டத்தை நான் எந்தத் திருவிழாவுலயும் பார்த்ததில்ல. மத்த பிள்ளைங்க கோட்டை விட்டுட்டு அவ பின்னால போயிருச்சுங்க.

என் தாளம் தப்பிடுச்சு. எத்தனையோ கோயில்ல தப்பாத தாளம், ரெண்டு சிலிப்பர்ல தப்பிடுச்சு. பக்கத்துல நின்ன பிள்ளை குனிஞ்சு, "தப்பே இல்ல சார், அடிங்க"ன்னு சொல்லுச்சு.

உஷா, மாற்றலுக்குப் பதில் சொல்ல உனக்கு வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். வீட்டுக்கு வந்துரு. சனி, ஞாயிறு புக்கிங் எல்லாம் நிவேந்திரனுக்குக் குடுத்துடுறேன். கோமளா அக்காகிட்ட என் போனைத் தரல, பாஸ்வேர்டு மாத்தியாச்சு. வீட்டை நேத்துதான் கழுவி விட்டேன். நீங்க ரெண்டு பேரும் வந்தா நல்லா இருக்கும். வேற எப்படிக் கேட்கிறதுன்னு எனக்குத் தெரியல.

அன்புள்ளன்னு மேல போடல. கீழ போட்டுக்கிறேன்.

அன்புடன்,
திரு


பாயா ரும்புட்
14 ஆகஸ்ட், வியாழன்

அன்புள்ள தாரணி அப்பாவுக்கு,

ஏழு மணிக்கு நீங்க வந்து நின்னது எனக்குத் தெரியும். நான் ஆறரைக்கே வந்துட்டேன். ஆசிரியர் அறை ஜன்னல்ல நின்னு, வருவாரா மாட்டாரான்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். உங்க மோட்டார் சத்தம் கேட்டதும் எனக்கு என்ன வந்துச்சு தெரியுமா? சந்தோஷம் இல்ல. ஆத்திரம். இவ்வளவு சீக்கிரமா வரத் தெரிஞ்ச மனுஷன் இத்தனை வருஷம் ஏன் வரலன்னு. பெண்டிரைவைப் பையில இருந்து எடுத்து வெளிய எறிஞ்சேன். அப்புறம் பள்ளிக்கூடச் சாமானாச்சேன்னு போய்ப் பொறுக்கிக்கிட்டு வந்தேன்.

தாரணி ஆடினதை நான் முழுசாப் பார்க்கல. பேப்பருக்குக் கீழ அவ பாதம் மட்டும் தெரிஞ்சுச்சு. அது போதும், அழுதுட்டேன். ஜாகா அண்ணன், கை வலிக்குதா டீச்சர்னு கேட்டார். நீங்க எழுதினதைப் படிச்சப்புறம் மீதியையும் பார்த்துட்டேன். நல்லா எழுதியிருக்கீங்க. இவ்வளவு பேச்சு உங்களுக்குள்ள இருக்குன்னு வீட்டுல இருந்தப்ப எனக்குத் தெரியாது.

சுங்கை பட்டாணிக்கு வரலன்னு இன்னைக்குக் காலையில சொல்லிட்டேன். தங்கச்சி போன்ல கத்தினா. கத்தட்டும்.

அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதீங்க. வீட்டுக்கு வரல.

கோபத்துல சொல்லல, நிதானமாத்தான் சொல்றேன். இந்தக் கோபம் வேற, அந்தக் கோபம் வேறங்க. இங்க உங்களோட சண்டை போட்டா சம்பால் கறைக்குச் சண்டை, சிலிப்பருக்குச் சண்டை. முடிஞ்சதும் கையில ஏதோ ஒண்ணு மிஞ்சுது. வீட்டுல போட்ட சண்டையில ஒண்ணும் மிஞ்சல. சோத்தை மூடி வச்சுக்கிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளை எனக்கே பிடிக்காது. அவளாத் திரும்பவும் ஆக எனக்கு இஷ்டம் இல்ல. நீங்க திருந்திட்டீங்கன்னே வச்சுக்குவோம். வாசல்ல சத்தம் கேட்கிற வரைக்கும் நான் நம்ப மாட்டேன். நம்பாத பொம்பளையோட குடித்தனம் நடத்தி உங்களுக்கும் என்ன சுகம்? மேளத்தை நிவேந்திரனுக்குக் குடுக்காதீங்க. எனக்காக விட்டீங்கன்னா அதுக்கும் ஒரு நாள் என்மேல எரிஞ்சு விழுவீங்க.

ஆனா தாரணி கேட்டதை நான் குடுக்கணும். அவ ஒரே வீட்டைக் கேட்கல. நான் நேத்து நேராவே கேட்டேன், உனக்கு என்னடி வேணும்னு. கொஞ்சமும் யோசிக்கல. "ரெண்டு பேரும் ஒரே கிளாஸ்க்கு வாங்க"ன்னா. அவ்வளவுதான். நாமதான் இத்தனை நாளா அந்தப் பிள்ளையைப் பாதி பாதியா ஆட வச்சிருக்கோம்.

தலைமையாசிரியைகிட்டப் பேசிட்டேன். அடுத்த வாரத்துல இருந்து வியாழக்கிழமை கிளாஸ் கிடையாது. செவ்வாய்க்கிழமை, ரெண்டு பேரும், ஒரே ஹால்ல. நான் கோடு போட்டுக்கிட்டு இருக்கும்போதே நீங்க அடிக்கலாம், தப்புன்னு நினைச்சா அங்கேயே சொல்லுங்க, நானும் சொல்றேன். பிள்ளைங்க முன்னாடி குரல் மட்டும் உசத்தக் கூடாது. கலைமகள் அக்காவுக்குப் பஞ்சு நான் வாங்கித் தரேன்.

அதனால இந்த அலமாரியில இனி லெட்டர் வைக்க வேணாம். சொல்றதை முகத்தைப் பார்த்தே சொல்லலாம். எனக்குப் பழக்கம் விட்டுப் போச்சு, முதல் வாரம் கொஞ்சம் சிடுசிடுன்னு இருப்பேன், பொறுத்துக்குங்க.

நைட் ஷிப்ட் முடிச்சுப் பசியோட வருவீங்க. வழியில பொட்டலம் வாங்காதீங்க. மூணு பேருக்கும் சோறு நான் கொண்டு வரேன். தட்டும் கொண்டு வரேன்.

இப்படிக்கு,
உஷா